எறவாணத்துக் கதிரும் ஆன்லைன் குழாயும்

போன வருஷம் மார்ச் கடைசியில், வெயில் ஏற ஆரம்பித்த சமயம், ஆன்லைனில் ஒரு பறவை ஃபீடர் வாங்கினேன். கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் குழாய். அதில் நாலு ஓட்டை, ஒவ்வொரு ஓட்டைக்குக் கீழேயும் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு குச்சி, மேலே மாட்ட ஒரு கொக்கி. கூடவே ஒரு கிலோ கலவைத் தானியம். மொட்டைமாடியில் துணிக்கொடிக் கம்பியில் மாட்டிவிட்டு, பழைய செல்போனை கேமராவாக்கி எதிரில் வைத்தேன். சாஃப்ட்வேர்க்காரன் புத்தி, எதையும் லாக் பண்ணாமல் இருக்க முடியாது.

மூன்று வாரத்தில் சிட்டுக்குருவி ஒன்றுகூட வரவில்லை. முதலில் வந்தது அணில். அது குழாயை ஆட்டி ஆட்டித் தானியத்தைக் கீழே கொட்டியது. கொட்டினதைப் பொறுக்க மாடப்புறா வந்தது. ஒரு ஜோடி நாலு ஜோடியாகி, அப்புறம் எண்ணுவதையே விட்டுவிட்டேன். இருபதாம் நாள் பக்கத்து ஷெட்டில் சின்னதாகத் தையல் யூனிட் வைத்திருக்கும் அண்ணன் வீட்டுக்கு வந்தார். "ஏனுங்க தம்பி, குருவிக்கு வெக்கறது புண்ணியந்தானுங்க, வேண்டாங்கல. ஆனா வெள்ளைத் துணி ஓடிட்டிருக்குதுங்க. புறா எச்சம் பட்டா செக்கிங்ல பீஸ் நிக்காது" என்றார். நாற்பது வெள்ளை டி-ஷர்ட்டைத் தனியாக எடுத்து வைத்திருந்தாராம். ஜாப் ஒர்க் பண்ணுகிறவருக்கு நாற்பது பீஸ் சின்ன விஷயம் இல்லை.

அன்றைக்கே குழாயைக் கழற்றிவிட்டேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "குருவிக்குன்னு தனியா டப்பா எதுக்குக் கண்ணு? நம்மூட்டுல எறவாணத்துல கதிர் தொங்குமல்லோ" என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் என்னைத் தேட வைத்தது. இந்தக் குழாய் எங்கிருந்து வந்தது? அந்தக் கதிர் எங்கே போனது?

முதலில் குழாய். பறவைக்கு இரை வைப்பது ஒரு வீட்டுப் பழக்கமாக, அப்புறம் ஒரு வியாபாரமாக வளர்ந்தது குளிர் நாடுகளில். காரணம் எளிமையானது. அங்கே பனி விழுந்தால் தரை மூடிவிடும், பகல் சுருங்கிவிடும். சின்னப் பறவை ஒன்று ஒரு நீண்ட இரவைத் தாண்டப் பகலில் போதுமான கொழுப்பைச் சேர்த்தாக வேண்டும், இல்லையென்றால் விடிவதற்குள் செத்துப்போகும். 1890-91 குளிர்காலம் பிரிட்டனில் ரொம்பக் கடுமையாக இருந்தபோது பறவைகளுக்கு ரொட்டித்துண்டு போடச்சொல்லிப் பத்திரிகைகள் எழுதின. ஜெர்மனியில் பேர்லெப்ஷ் என்ற ஒரு பிரபு தன் எஸ்டேட்டில் தீனிப்பெட்டி, கூட்டுப்பெட்டி என்று விதவிதமாகச் செய்து பார்த்தார். அவர் முறைகளைச் சொல்லும் புத்தகம் 1908-இல் ஆங்கிலத்துக்கும் வந்தது. இன்றைக்கு நாம் 'ஃபீடர்' என்றதும் நினைக்கிற அந்தக் குழாய் 1969-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பீட்டர் கில்ஹாம் என்பவரின் ட்ரோல் யாங்கீஸ் கம்பெனியிலிருந்து வந்தது. நான் வாங்கினது அதன் எத்தனையாவது நகலோ.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அமெரிக்காவில் சிட்டுக்குருவி அந்நியப் பறவை. 1850களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து நியூயார்க்கின் புரூக்ளினில் விட்டார்கள். மரத்துப் புழுவைத் தின்னும் என்று நம்பிக்கை. அது கண்டம் முழுக்கப் பரவி, உள்ளூர்ப் பறவைகளின் பொந்துகளைப் பிடித்துக்கொண்டது. 1889-லேயே அந்நாட்டு விவசாயத்துறை வால்டர் பாரோஸ் எழுதிய ஒரு தடித்த அறிக்கையை வெளியிட்டது. கிட்டத்தட்ட ஒரு குற்றப்பத்திரிகை, குற்றவாளி சிட்டுக்குருவி. இன்றும் அங்கே ஃபீடர் வாங்குகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி, சிட்டுக்குருவி வராமல் இருக்க எதை மாட்டலாம் என்பதுதான். பதில்களும் ஏறக்குறைய ஒன்றுதான்: தட்டையான தட்டு வைக்காதே, குட்டைக் குச்சி உள்ள குழாய் வை, கம்பு தினை மாதிரிச் சிறுதானியம் போடாதே, உடைத்த சோளம் போடாதே, தரையில் சிந்த விடாதே.

இந்தப் பட்டியலை அப்படியே தலைகீழாகப் புரட்டினால் எங்கள் அம்மா வீட்டு வாசல் வந்துவிடுகிறது. குருவியை விரட்டுவதற்கென்று மெருகேறின ஒரு சாமானை, குருவியைக் கூப்பிடுவதற்காக நான் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். (குருவி குழாயில் உட்காரவே உட்காராது என்று சொல்ல வரவில்லை, வேறு வழியில்லை என்றால் உட்காரும். ஆனால் அது தரையில் கூட்டமாகத் தத்தித் தத்திப் பொறுக்குகிற சாதி. தொங்கிக்கொண்டு தின்பது அதன் முதல் விருப்பம் இல்லை.)

குழாய் வியாபாரத்தில் நம் பங்கும் உண்டு. அங்கே மஞ்சள் ஃபிஞ்சுகளுக்கென்று நுண்ணிய துளை வைத்த குழாயில் போடும் கறுப்பு விதை நைஜர். நம் கிருஷ்ணகிரிப் பக்கம் உச்செள்ளு, பேயெள் என்கிற அதே எண்ணெய் வித்துதான். இந்தியாவிலிருந்து கப்பலேறி, களை விதை முளைத்துவிடக் கூடாது என்று சூட்டில் பதப்படுத்தப்பட்டு அவர்கள் தோட்டத்துக்குப் போகிறது. நம் மானாவாரி நிலத்து விதை அங்கே, அவர்கள் குழாய் இங்கே.

இனிக் கதிர். அம்மா பிறந்தது தாராபுரம் பக்கம், அமராவதிப் பாசனத்தில் நெல் விளையும் ஊர். அறுவடையின் முதல் கதிர்களைத் தாளோடு எடுத்து, குஞ்சம் மாதிரிப் பின்னி, வாசல் நிலவுக்கு மேலேயோ எறவாணத்திலோ கட்டுவார்கள். கோயிலிலும் கட்டுவது உண்டு. அப்பா ஊரில் நெல் கிடையாது. அங்கே சோளக்கதிர், கம்பங்கதிர். சாமிக்குக் கட்டுவது என்றுதான் சொல்வார்கள், ஆனால் தின்பது குருவி என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு மூன்று மாதத்தில் வெறும் தாள்தான் தொங்கும். குருவிக்கு எட்டும், புறாவின் எடைக்குத் தாங்காது, அணில் வந்தாலும் ஓரத்துக் கதிர் மிஞ்சும். எறவாணத்துக்கு அடியில் இருப்பதால் மழையில் நனைந்து பூஞ்சை பிடிப்பதும் குறைவு. டிசைன் என்று பார்த்தால் ரொம்ப நல்ல டிசைன்.

இந்தக் காட்சிக்கு வயது அதிகம். குறுந்தொகையில் 46-ஆம் பாட்டு, மாமலாடன் என்ற புலவருடையது. பிரிந்து போனவனை நினைக்கும் ஒருத்தி தன் வீட்டுக் குருவிகளைப் பார்க்கிறாள். வாடிய ஆம்பல் பூ நிறத்தில் குவிந்த சிறகு. முற்றத்தில் காயப்போட்ட தானியத்தைத் தின்கிறது. ஊர்ப் பொதுவிடத்தில் சாணிப் பொடிப் புழுதியில் குளிக்கிறது. பொழுது சாய்ந்ததும் வீட்டுக் கூரையின் இறப்பில் குஞ்சுகளோடு அடைகிறது. அவன் போன ஊரில் இப்படி ஒரு மாலை நேரம் இல்லையா என்பது அவள் கேள்வி. எனக்கு அந்தப் பாட்டில் ஒரு பறவையியல் குறிப்பு கிடைத்தது. சாப்பாடு, குளியல், படுக்கை மூன்றும் வீட்டைச் சுற்றி ஐம்பதடிக்குள். ஒருத்தரும் குருவிக்கு என்று எதுவும் 'வைக்கவில்லை'.

காக்கைக்கு வைத்ததும் அதே நூலில் இருக்கிறது, 210-ஆம் பாட்டு. விருந்தாளி வருவான் என்று கரைந்த காக்கைக்கு, நள்ளியின் காட்டு ஆயர்களுடைய பசு நெய்யில் கலந்து தொண்டி அரிசிச் சோற்றை ஏழு கலத்தில் ஏந்திக் கொடுத்தாலும் போதாது என்கிறாள் தோழி. பாடினவருக்கே அதிலிருந்து காக்கை பாடினியார் நச்செள்ளையார் என்று பேர் நின்றுவிட்டது. காக்கை விஷயத்தில் நாம் மாறவே இல்லை. எங்கள் தெருவில் அமாவாசைக்கு ஒவ்வொரு மாடியிலும் வாழை இலை உண்டு. அப்பா போனபிறகு எங்கள் வீட்டில் தினமும் உண்டு. காக்கை வர நேரமானால் அம்மா முகம் மாறுவதையும் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் கேட்டால் நம் முன்னோர்கள் பறவை நேசர்கள் என்று ஒரு சித்திரம் வரும். அதை நானே கெடுத்துவிடுகிறேன். எங்கள் அப்பாரு சோளக்காட்டில் பரண் கட்டி, கதிர் பால் பிடிக்கிற நாளிலிருந்து அறுக்கிற வரை தகர டப்பா தட்டிக் குருவி ஓட்டியவர். கவண்கல்லில் குறி தப்பாது என்று பெருமை வேறு. கிளி, குருவி எல்லாம் காட்டில் திருடன். அதே மனுஷன் வீட்டு எறவாணத்தில் குருவி கட்டின கூட்டைக் கலைக்க விடமாட்டார், கலைத்தால் குடும்பத்துக்கு ஆகாது. காட்டில் கல், வீட்டில் கதிர். இதில் அவருக்கு எந்த முரணும் தெரிந்ததாக ஞாபகம் இல்லை.

உண்மையில் குருவியை வளர்த்தது கதிர்கூட இல்லை, வேலை. களத்தில் சோளம் அடிப்பது, தூற்றுவது, வாசலில் காயவைப்பது, தினமும் முறத்தில் புடைப்பது. புடைக்கும்போது சிதறுகிற நொய்யும் புல்லரிசியும்தான் அன்றாடத் தீனி. அப்புறம் ரேஷன் அரிசி வந்தது, அரைத்த மாவு பாக்கெட்டில் வந்தது, புடைக்கிற வேலையே போய்விட்டது. ஓட்டு வீடு தார்சு வீடாயிற்று, எறவாணம் என்ற சொல்லே என் மகளுக்குத் தெரியாது. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. சோளம் விளைந்த மானாவாரிக் காட்டில் கிடைக்காத ரொக்கக் கூலி பனியன் கம்பெனியில் கிடைத்தது. நான் பி.இ. படித்ததே அந்தக் காசில்தான்.

இன்னொரு பாதி, கொறங்காடு. காங்கயம், தாராபுரம் பக்கம் பார்த்திருப்பீர்கள். கொழுக்கட்டைப் புல் வளர்ந்த மேய்ச்சல் நிலம், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை முள் வேலி. குருவி பெரிசானால் தானியம் தின்னும், ஆனால் குஞ்சுக்கு முதல் நாட்களில் வேண்டியது புழு பூச்சி. தானியம் மட்டும் கொடுத்தால் குஞ்சு தேறாது. அந்தப் பூச்சி இருந்தது புல்லிலும் கிளுவை வேலியிலும். கொறங்காடு சைட்டாகி, கிளுவை இருந்த இடத்தில் கல் நட்டுக் கம்பி இழுத்தபிறகு, மாடியில் எத்தனை கிலோ கம்பு கொட்டினாலும் அந்தப் பாதி நிரம்பாது.

இந்த இடத்தில் செல்போன் டவர் என்று யாராவது சொல்வீர்கள். 2018-இல் '2.0' படம் வந்தபிறகு எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் இது வேதவாக்கு. டவர்தான் குருவியைக் கொன்றது என்பதற்கு ஆதாரம் கிடையாது. 2020-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, கால் நூற்றாண்டுக்கு மேலான கணக்கில் நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவி எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாக இருக்கிறது என்றும், சென்னை, பெங்களூரு, மும்பை மாதிரி ஆறு பெருநகரங்களில் குறைந்திருக்கிறது என்றும் சொன்னது. டவர் கிராமத்திலும்தான் நிற்கிறது.

தட்டில் சோறு வைத்தால் மட்டும் பறவை நிற்காது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய சாட்சி திருக்கழுக்குன்றம். வேதகிரீசுவரர் மலையில் பகலில் அர்ச்சகர் சர்க்கரைப் பொங்கலோடு வந்து நிற்பார், இரண்டு கழுகு இறங்கி வந்து வாங்கித் தின்னும். பக்தர்களுக்கு அவை முனிவர்கள், பறவை பார்ப்பவர்களுக்கு மஞ்சள்முகப் பாறு. காட்டுப் பறவைக்கு நாள் தவறாமல், நேரம் தவறாமல், தலைமுறை தலைமுறையாக உணவு வைத்த இடம் இதுபோல உலகத்திலேயே குறைவு. 1990களின் கடைசியோடு அந்த வருகை நின்றது. அதே காலத்தில்தான் நாடு முழுக்கப் பாறுகள் கொத்துக் கொத்தாக விழுந்துகொண்டிருந்தன. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று 2004-இல் வெளியான ஆய்வு சொன்னது. 2006-இல் கால்நடை உபயோகத்துக்குத் தடை வந்தது. மலையில் பொங்கலுக்குக் குறைவே இல்லை. மலைக்கு வெளியே அது என்ன தின்றது என்பதுதான் விஷயம்.

அளவுக்கு மீறி வைத்தாலும் வம்பு. மும்பை கபூதர்கானாக்களை 2025-இல் மாநகராட்சி மூடினதும், தாதரில் போட்ட தார்ப்பாயைக் கூட்டம் கிழித்ததும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நுரையீரல் கோளாறு ஒரு பக்கம், மத நம்பிக்கை ஒரு பக்கம், வழக்கு உயர் நீதிமன்றத்தில். அதைப் படித்தபோது எனக்கு நாற்பது வெள்ளை டி-ஷர்ட்தான் ஞாபகம் வந்தது. சென்னை ராயப்பேட்டையில் சேகர் என்பவர் சுனாமிக்குப் பிறகு மொட்டைமாடியில் ஆயிரக்கணக்கான கிளிகளுக்கு அரிசி வைத்ததும் ஊரறிந்தது. அவர் எந்தக் குழாயும் மாட்டவில்லை, பலகை போட்டு அதில் வரிசையாக ஊறவைத்த அரிசி. தினமும் கழுவித் தினமும் வைக்கிற அந்த உழைப்புதான் அதில் பெரிசு. மாட்டிவிட்டு மறந்துபோகிற வேலை இல்லை அது.

மறந்துபோனால் என்ன ஆகும் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. பிரிட்டனில் 2005 வாக்கில் ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி ஃபிஞ்சுகளில் பரவி, பச்சை ஃபிஞ்ச் 2021-இல் அவர்களுடைய சிவப்புப் பட்டியலுக்கே போய்விட்டது. நோயுற்ற பறவை கக்கினதை அடுத்தது பொறுக்குகிறது, எல்லாம் ஒரே தட்டில். அங்குள்ள பெரிய பறவைகள் சங்கம் 2025-இல் தட்டையான தீனித்தட்டு விற்பதையே நிறுத்திவைத்தது. அமெரிக்காவில் 1994-இல் ஹவுஸ் ஃபிஞ்ச் என்ற பறவைக்குக் கண்நோய் வந்து, ஃபீடர் வழியாகப் பரவியது. கிருமி மைக்கோபிளாஸ்மா கேலிசெப்டிகம். கோழிப்பண்ணை வைத்திருக்கும் சொந்தக்காரர் ஒருவரிடம் இந்தப் பேரைச் சொன்னேன், அவர் திடுக்கிட்டார். நாட்பட்ட கோழிச் சளி நோய்க்குக் காரணமான அதே கிருமி. பல்லடம், உடுமலைப் பக்கம் வீட்டுக்குப் பின்னாலேயே பிராய்லர் ஷெட் வைத்திருப்பவர்கள் குருவித்தட்டு வைக்கும் முன் இதை ஒரு தரம் யோசிப்பது நல்லது. ஷெட்டுப் பக்கம் தட்டு வேண்டவே வேண்டாம்.

ஆக, நம் ஊருக்கு எது பொருத்தம்? ஒரு வருஷம் பார்த்ததில் என் அபிப்பிராயம் இவ்வளவுதான். இங்கே பறவைக்குக் கஷ்டகாலம் பனி இல்லை, பங்குனி முதல் வைகாசி வரையான வறட்சி. அதனால் தீனியை விடத் தண்ணீர் முக்கியம். அகலமான மண்சட்டி, இரண்டு விரல் ஆழத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு கல். தினமும் தேய்த்துக் கழுவி மாற்றணும், இல்லையென்றால் கொசுப்பண்ணைதான். தானியம் என்றால் கம்பு, தினை, நொய்யரிசி. மிக்சர், உப்புப் போட்ட சாதம், பிரெட் கூடாது. பிரிட்டன் கதையைப் படித்தபிறகும் தட்டுத்தான் வைக்கிறேன், ஆனால் காலையில் ஒரு கைப்பிடி, அரைமணி நேரத்தில் தீர்ந்துவிட வேண்டும். மிச்சமிருந்தால் மறுநாள் பாதி. தட்டைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்துவிடுவேன். புறாவுக்குக் காத்துக்கொண்டிருக்க ஒன்றும் இருக்காது. கதிர்க் குஞ்சம் கிடைத்தால் வாங்கி நிழல்பட்ட இடத்தில் கட்டுங்கள், இதையெல்லாம் விட அது மேல். தேன்சிட்டுக்கு எந்த ஃபீடரும் வேண்டாம், செம்பருத்தி போதும். பூச்சிக்கு ஒரு முருங்கை. குருவிக்குக் கூட்டுப்பெட்டி மாட்டினால் ஓட்டை ஒன்றேகால் அங்குலம் போதும், பெரிசாக இருந்தால் மைனா பிடித்துக்கொள்ளும்.

என் பெட்டிக்கு இன்னும் யாரும் குடிவரவில்லை. ஆனால் குருவி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். புறா விவகாரத்துக்கு மன்னிப்புக் கேட்க அந்த அண்ணன் யூனிட்டுக்குப் போனபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஒடிசாப் பையன்கள் ஷெட் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சோற்றுப் பருக்கை சிந்தின இடத்தில் ஏழெட்டுக் குருவி, பயமே இல்லாமல். கூடு ஷட்டர் சுருளும் பெட்டிக்குள். "காலைல ஷட்டரை மெதுவாத்தானுங்க தூக்குவோம்" என்றார் அவர்.

அண்ணாந்து பார்த்தேன். கூடு பாதிக்கு மேல் ஓவர்லாக் நூலும் பனியன் வேஸ்ட்டும். வைக்கோலுக்கு எங்கே போகும்? அவர் சொன்னார், போன தரம் ஒரு குஞ்சு கீழே தொங்கிக்கொண்டிருந்ததாம். பாலியஸ்டர் நூல் காலில் சுற்றி, வளர வளர இறுகி, பாதமே கறுத்துவிட்டது. டிரிம்மரால் நறுக்கி எடுத்தும் பிழைக்கவில்லை. பருத்தி நூல் என்றால் இற்றுப்போகும், இது போகாது. அதிலிருந்து சாயங்காலம் கூட்டும்போது நூல் கழிவை வாசலில் விடாமல் சாக்கில் கட்டச் சொல்லியிருக்கிறார். நான் அம்மா ஊரிலிருந்து கொஞ்சம் வைக்கோலும் தேங்காய் நாரும் கொண்டுவந்து ஷெட் ஓரத்தில் போட்டேன். இப்போது என் தட்டும் அங்கேதான், கட்டிங் டேபிளுக்கு எதிர்ப்பக்கம், அவர் காட்டின இடத்தில். லீவு நாளில் பையன்கள் வராததால் அன்றைக்கு மட்டும் கம்பு இரண்டு கைப்பிடி.